சிலுவை நட்ட இடத்தில் ஒரு பங்கு: நோவா ஹூட்டாவின் கதை



புதிதாக ஒரு தொழிற்சாலை வருகின்ற ஊரில் என்னென்ன நடக்கும் என்பது நாம் அறிந்ததே. முதலில் சாலை வரும், பிறகு குடியிருப்புகள் வரும், கடைகள் வரும். பல ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மக்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே அடுத்தடுத்த வீடுகளில் குடியேறுவார்கள். சில மாதங்கள் கழித்து, "இங்கே ஞாயிறு பூசைக்கு எங்கே போவது?" என்று ஒரு தாய் கேட்பார். பல பங்குகளின் வரலாறு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றது.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே மக்கள் அடிபட்டு, சிறை சென்று, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் திறந்த வெளியில் நின்ற ஒரு நகரம் உண்டு. போலந்து நாட்டில், கிராக்கோவ் நகரின் கிழக்கு எல்லையில் உள்ள நோவா ஹூட்டா என்பதே அந்நகரம். அப்பெயருக்குப் 'புதிய உருக்காலை' என்று பொருள். நம் அன்புக்குரிய புனித திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள், கிராக்கோவில் ஆயராகவும் பேராயராகவும் இருந்த காலத்தில் மிக அதிகமாகப் போராடியது இந்த ஊருக்காகத்தான். 1986ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது நம்மில் பலர் அவரைக் கண்டிருக்கின்றோம். அவருடைய குரலில் இருந்த உறுதி எங்கே உருவானது என்று அறிய விரும்புவோர் நோவா ஹூட்டாவின் கதையை அறிய வேண்டும்.

திட்டத்தில் இடம்பெறாத ஆலயம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்தில் கம்யூனிச அரசு அமைந்தது. சோவியத் நாட்டின் உதவியுடன் மாபெரும் உருக்காலை ஒன்றைக் கட்டவும், அதன் தொழிலாளருக்காக ஒரு புதிய நகரத்தை உருவாக்கவும் அவ்வரசு முடிவு செய்தது. கட்டுமானப் பணி 1949இல் தொடங்கியது. 1951இல் இப்புதிய நகரம் கிராக்கோவ் மாநகருடன் இணைக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு ஜூலையில் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கியது. ஆலைக்கு லெனின் பெயர் சூட்டப்பட்டது. 1970களில் அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வேலை செய்தார்கள் என்றால் அதன் அளவை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு லட்சம் பேருக்காகத் திட்டமிடப்பட்ட நகரில் பின்னர் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நோவா ஹூட்டாவைப் பற்றி நம் பக்கத்தில் எழுதப்படும் கட்டுரைகள் பலவும் அந்நகரை ஓர் இருண்ட சிறை போலவே வருணிக்கின்றன. அது முழு உண்மை அன்று. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் கொண்ட வீட்டில் வாழ்வது அவர்களில் பலருக்கு அதுவே முதல் முறை. பள்ளி, மருத்துவமனை, நாடக அரங்கு, அகன்ற சாலைகள், மரங்கள் என அனைத்தும் அந்நகரத் திட்டத்தில் இருந்தன. ஆலயம் மட்டும்தான் இல்லை. மறதியால் விடுபட்டது அன்று அது. உழைப்பாளிக்கு வீடும் கூலியும் போதும், கடவுள் தேவையில்லை. அடுத்த தலைமுறை அவரை மறந்தே விடும் என்ற எண்ணத்துடனேயே விடப்பட்டது.

அந்த நிலத்திற்கோ வேறொரு வரலாறு இருந்தது. உருக்காலைக்காக எடுக்கப்பட்ட கிராமங்களுள் ஒன்று மொகிவா. அங்கே 1222ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் துறவு மடம் உள்ளது. திருச்சிலுவையின் திருப்பண்டம் அங்கே பல நூற்றாண்டுகளாக வணங்கப்பட்டு வந்தது. ஆகவே, 'கடவுள் இல்லாத நகரம்' என்று சொல்லப்பட்ட நோவா ஹூட்டாவின் ஓர் ஓரத்தில் எழுநூறு ஆண்டு பழைமையான ஆலயம் ஒன்று தொடக்கம் முதலே நின்றுகொண்டிருந்தது. புதிய குடியிருப்புகளின் மக்கள் அங்கே நடந்து சென்று திருப்பலி கண்டனர். அருகிலிருந்த பியென்சிச்சே என்ற பகுதியில் ஒரு சிற்றாலயமும் இருந்தது. ஆனால், பல்லாயிரக்கணக்கான மக்கள் குவிந்த ஒரு நகருக்கு இவை எம்மாத்திரம்?

1960, ஏப்ரல் 27

1956ஆம் ஆண்டு அக்டோபரில் போலந்து அரசியலில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. கொமுல்கா கட்சித் தலைமைக்கு வந்தார். அடக்குமுறை சற்றே தளர்ந்தது. இதுவே தருணம் என்று நோவா ஹூட்டா மக்கள் ஆலயம் கட்ட அனுமதி கேட்டனர். அனுமதியும் கிடைத்தது. 'நாடக அரங்குக் குடியிருப்பு' என்று அழைக்கப்பட்ட பகுதியில் நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த இடம் கார்ல் மார்க்ஸ் தெருவும் மாயகோவ்ஸ்கி தெருவும் சந்திக்கும் முனை என்பதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். அந்த மக்களுக்கு அப்போது சிரிக்க நேரமிருந்திருக்காது. 1957ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, பேராயர் எவ்கெனியுஷ் பாசியாக் அங்கே ஒரு மரச்சிலுவையை அர்ச்சித்தார். ஆலயத்தின் வரைபடத்துக்குப் போட்டி நடத்தப்பட்டு, அதுவும் தேர்வு செய்யப்பட்டது.

பிறகு அரசு தன் மனத்தை மாற்றிக்கொண்டது. அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதே நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. இதன் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். 966ஆம் ஆண்டு போலந்தின் ஆட்சியாளர் திருமுழுக்குப் பெற்றார். அதன் ஆயிரமாவது ஆண்டு 1966இல் வரவிருந்தது. திருஅவை அதை நாட்டின் திருமுழுக்கு விழாவாகக் கொண்டாட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அரசோ அதைப் போலந்து நாட்டின் ஆயிரமாண்டு விழாவாக மாற்றி, அதற்காக ஆயிரம் பள்ளிகளைக் கட்டும் திட்டத்தை அறிவித்தது. பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யார்தான் சொல்ல முடியும்? அரசின் சாமர்த்தியம் அங்கேதான் இருந்தது. ஊரில் பள்ளிக்கு வேறு இடமே இல்லையா என்ற கேள்வியை மட்டும் மக்கள் கேட்டார்கள்.

1960ஆம் ஆண்டு ஏப்ரல் 27, புதன்கிழமை காலை. சிலுவையைப் பிடுங்கி எடுக்கப் பணியாளர்கள் சிலர் மண்வெட்டிகளுடன் வந்தார்கள். அவர்களை முதலில் எதிர்கொண்டவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். தோண்டப்பட்ட மண்ணை அவர்கள் கைகளால் அள்ளி மீண்டும் குழியில் போட்டார்கள். சிலுவையைச் சுற்றி நின்று செபித்தார்கள், பாடினார்கள். செய்தி பரவியது. ஆலையில் வேலை முடிந்து வந்த தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டனர். மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டனர்.

அதன்பின் நடந்தது கண்ணீர்ப் புகையும் தடியடியும் துப்பாக்கிச் சூடும். நகர மன்றக் கட்டடம் தாக்கப்பட்டது, கற்கள் வீசப்பட்டன, இரவு முழுவதும் தெருக்களில் மோதல் நீடித்தது. ஏறத்தாழ 500 பேர் கைதாயினர். அவர்களில் 80க்கும் மேற்பட்டோருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வேலை இழந்தவர்களும் உண்டு. சிலுவையைக் காக்கச் சென்ற கூட்டத்தின் கைகளிலும் கற்கள் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்று காலையில் மண்ணை அள்ளிப் போட்ட பெண்களின் செயலையும், அன்று இரவு நடந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்றே நாம் கருதுகின்றோம். ஆயினும் இரண்டும் அந்தப் பங்கின் வரலாற்றில் சேர்ந்தே உள்ளன.

சிலுவை அகற்றப்படவில்லை. அருகிலேயே பள்ளி கட்டப்பட்டது. ஆலயம் கட்டப்படவில்லை.

திறந்த வெளியில் நள்ளிரவுத் திருப்பலி

இப்போது நம் கதைக்குள் கரோல் வொய்த்திவா வருகின்றார். 1958ஆம் ஆண்டு, தம் 38ஆம் வயதில், அவர் கிராக்கோவின் துணை ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொழிலாளரின் வாழ்வு அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த ஒன்றன்று. நாத்சி ஆக்கிரமிப்பின்போது அவரே கல்குவாரியில் கல் உடைத்தவர். பின்னர் சோல்வே வேதிப்பொருள் ஆலையில் வாளி சுமந்தவர். இரவு வேலையின் இடைவேளையில் முழந்தாளிட்டுச் செபிக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் இருந்தது.

1959ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் அவர் நோவா ஹூட்டாவுக்கு வந்தார். பியென்சிச்சே பகுதியில், கூரையில்லாத வெட்ட வெளியில், நள்ளிரவுத் திருப்பலி நிறைவேற்றினார். போலந்தின் டிசம்பர் இரவு எப்படியிருக்கும் என்பதை நம்மூர் மார்கழிப் பனியை வைத்து எண்ணிவிட முடியாது. உறைபனியில், குழந்தைகளைத் தோளில் சுமந்தபடி மக்கள் நின்றார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அவர் அங்கே வந்து கிறிஸ்மஸ் இரவுத் திருப்பலி நிறைவேற்றினார். 1962இல் பேராயர் பாசியாக் மறைந்தபின் மறைமாவட்டப் பொறுப்பு வொய்த்திவாவிடம் வந்தது. 1964இல் அவர் பேராயரானார். அப்போதும் அவர் அந்த வெளியை மறக்கவில்லை.

அவர் மக்களைத் தெருவுக்கு அழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மனுக்கள் எழுதினார், அதிகாரிகளைச் சந்தித்தார், மறுத்தபோது மீண்டும் எழுதினார். ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில் நின்று, 'நாங்கள் இங்கே இருக்கின்றோம்' என்பதைத் திருப்பலியாலேயே சொன்னார். பொறுமையைக் கோழைத்தனம் என்று எண்ணுகின்றவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். ஆனால், ஆண்டுதோறும் பெருகிய அந்தக் கூட்டத்தைக் கண்டு அஞ்சியது அரசுதான்.

கட்டடம் இல்லாத அந்த ஆண்டுகளில் பங்கு இல்லாமல் இருந்ததா? ஞாயிறுதோறும் சிற்றாலயத்தைச் சுற்றி மழையிலும் பனியிலும் மக்கள் நின்றனர். சிற்றாலயத்திற்குள் பீடமும் குருவும் இருக்க, பங்கு முழுவதும் வெளியே நின்றது! நம் பங்குகளில் மின்விசிறி ஓடவில்லை என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் நாம், இந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1965இல் அருள்பணியாளர் யூசெப் கொஜெலானி பியென்சிச்சேயில் பங்குப் பொறுப்பை ஏற்றார். 1967ஆம் ஆண்டு அக்டோபரில் இறுதியாக அனுமதி வந்தது. 1960இல் மக்கள் காத்த இடத்தில் அன்று, பியென்சிச்சேயில். அதே ஆண்டு ஜூனில் கர்தினாலாக உயர்த்தப்பட்டிருந்த வொய்த்திவா, அக்டோபர் 14 அன்று வந்து, தம் கையால் மண்ணைக் கொத்தி அடித்தளப் பணியைத் தொடங்கி வைத்தார்.

அடிக்கல்லை அளித்தவர் திருத்தந்தை ஆறாம் பவுல். உரோமைப் புனித பேதுரு பெருங்கோவிலிலிருந்து வந்த அந்தக் கல் 1969ஆம் ஆண்டு மே மாதம் நிலைநாட்டப்பட்டது. 1966இல் ஆயிரமாண்டு விழாவுக்குப் போலந்து செல்ல விரும்பிய அத்திருத்தந்தைக்குக் கம்யூனிச அரசு அனுமதி மறுத்திருந்தது. அவர் செல்ல முடியவில்லை. அவருடைய கல் சென்றது.

கட்டடக் கலைஞர் வொய்சியெக் பியெட்ஷிக் ஆலயத்தை ஒரு கப்பலின் வடிவில் அமைத்தார். நோவாவின் பேழையைப் போல, அலைகளின்மீது மிதந்துவந்து மலைமுகட்டில் தங்கிய தோற்றம். அதன் பாய்மரமே சிலுவை. 70 மீட்டர் உயரம். மக்கள் அதை 'ஆண்டவரின் பேழை' என்றே அழைக்கின்றனர். பங்கின் பாதுகாவலி போலந்தின் அரசியான அன்னை மரியா.

அரசின் பண உதவி எதுவும் இல்லை. ஆலையில் வேலை முடிந்து வந்தவர்களும், இல்லத்தரசிகளும், மாணவர்களும், வெளிநாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர்களும் பத்தாண்டுகள் உழைத்தார்கள். வெளிச்சுவர் முழுவதும் ஆற்றுக் கூழாங்கற்களால் போர்த்தப்பட்டுள்ளது. ஏறத்தாழ இருபது லட்சம் கற்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அவற்றைப் பொறுக்கி எடுத்து வந்தார்கள். நம் ஊர்களில் ஆலயத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவரின் பெயரையும் பளிங்கில் பொறித்து வைக்கின்றோம். அந்த இருபது லட்சம் கற்களில் எந்தக் கல் எந்தப் பாட்டி கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே இருப்பவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிடுவோம். மான்ட்டே காசினோ போரில் காயமுற்ற போலந்து வீரர்களின் உடல்களிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுச் சிதறல்களைக் கொண்டு செய்யப்பட்ட அன்னை மரியாவின் திருவுருவம் ஒன்று அங்கே உள்ளது. சிற்பி புரோனிஸ்வாவ் ஹ்ரோமி வடித்த பெரிய பாடுபட்ட சுரூபம் மற்றொன்று. சிலுவையில் தொங்கும் நிலையில் அன்றி, முன்னோக்கி வளைந்து எழுகின்ற நிலையில் ஆண்டவர் காட்சி தருகின்றார். சிலருக்கு அது பிடிக்காது. நம் கண்களுக்குப் பழகிய பாடுபட்ட சுரூபம் அன்று அது. ஆனால், நாள் முழுதும் உலையின் முன் வளைந்து நின்ற ஒருவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நமக்குத் தோன்றுகின்றது.

1977ஆம் ஆண்டு மே 15 அன்று கர்தினால் வொய்த்திவா ஆலயத்தை நேர்ந்தளித்தார். இது யாருக்கும் சொந்தமில்லாத மக்களின் நகரம் அன்று, உற்பத்தி, நுகர்வு என்ற விதிகளின்படி விரும்பியவாறெல்லாம் நடத்தப்படக்கூடிய மக்களின் நகரம் அன்று, இது கடவுளின் பிள்ளைகளின் நகரம் என்ற கருத்தை அவர் அன்று தம் மறையுரையில் வலியுறுத்தினார். பதினேழு மாதங்களுக்குப் பின், 1978 அக்டோபர் 16 அன்று, அவர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேழைக்கு வெளியே

ஆலயம் எழுந்ததோடு கதை முடிந்திருந்தால் இதை நாம் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டோம்.

1979 ஜூனில் திருத்தந்தையாகத் தாய்நாடு வந்த இரண்டாம் ஜான் பால், நோவா ஹூட்டா செல்ல விரும்பினார். அரசு மொகிவா துறவு மடம் வரை மட்டுமே அனுமதித்தது. ஜூன் 9 அன்று அங்கே ஆற்றிய மறையுரையில், புதிய நற்செய்தி அறிவிப்பு தொடங்கியுள்ளது என்று அவர் சொன்னார். 'புதிய நற்செய்தி அறிவிப்பு' என்ற சொல்லை அவர் முதன்முதலில் பயன்படுத்தியது அங்கேதான். இன்று நம் மறைமாவட்டக் கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் இயல்பாகப் பயன்படுத்தும் இந்தச் சொல், உருக்காலை ஊர் ஒன்றில் மரச்சிலுவை நடப்பட்டதை நினைவுகூர்ந்தபோது பிறந்தது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். மனிதரை வெறும் உற்பத்திக் கருவியாகக் கருதுவதைக் கிறிஸ்து ஒருபோதும் ஏற்கமாட்டார் என்பதையும் அவர் அன்று எடுத்துரைத்தார். மனித உழைப்பைப் பற்றிய அவருடைய சுற்றுமடல் 1981இல் வெளிவந்தது.

நோவா ஹூட்டாவின் வடபகுதியில் மிஸ்ட்செயோவிச்சே என்ற மற்றொரு குடியிருப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே 1970இல் அருள்பணியாளர் யூசெப் குஜெயா, அரசு அனுமதியின்றிப் பச்சை நிறச் சிறு குடில் ஒன்றை அமைத்து, சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கத் தொடங்கினார். விசாரணை, அபராதம், மிரட்டல் எனத் தொடர்ந்த தொல்லைகளின் நடுவே அவர் உடல்நலம் குன்றி, 1976இல், 39 வயதில் காலமானார். அவர் தொடங்கிய பங்கின் ஆலயம் புனித மாக்சிமிலியன் கோல்பே பெயரில் எழுந்தது. 1983 ஜூன் 22 அன்று அதை நேர்ந்தளித்தவர் திருத்தந்தையேதான். ஆண்டவரின் பேழைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பச்சைக் குடிலுக்குக் கிடைக்கவில்லை என்பது நம் ஆதங்கம்.

இதற்கிடையில் 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது; 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கத்தின் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். லெனின் பெயர் தாங்கிய ஆலையின் தொழிலாளர்கள் இரண்டாம் ஜான் பாலின் பேழையில் அடைக்கலம் தேடினர். திருப்பலி முடிந்து வெளியே வரும் கூட்டத்தின்மீது கண்ணீர்ப் புகை வீசப்பட்ட நாள்கள் பல. 1982 அக்டோபர் 13 அன்று, ஆலயத்திற்கு அருகில், ஆலைத் தொழிலாளியான இளைஞர் போக்தான் வுவோசிக் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். ஆயிரக்கணக்கானோர் அவரது அடக்கத்தில் பங்கேற்றனர். மிஸ்ட்செயோவிச்சே ஆலயத்தில் அருள்பணியாளர் கசிமீர் யான்சார், வியாழன்தோறும் மாலையில் தாய்நாட்டிற்கான திருப்பலி நடத்தினார். சிறையில் இருந்தோரின் குடும்பங்களுக்கு உதவிகள் அங்கிருந்தே சென்றன. 1988இல் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அடுத்த ஆண்டு அரசு வீழ்ந்தது.

இன்றைய நோவா ஹூட்டாவில் லெனின் பெயரும் இல்லை, சிலையும் இல்லை. 1990இல் ஆலையின் பெயர் மாற்றப்பட்டது. 2000களில் அது நம் நாட்டில் பிறந்த இலட்சுமி மிட்டலின் நிறுவனத்திற்குச் சென்றது. 2019இல் ஊதுலை நிறுத்தப்பட்டது. அதை நிரந்தரமாக மூடும் முடிவு 2020இல் அறிவிக்கப்பட்டது. எந்த ஆலைக்காக ஒரு நகரமே எழுப்பப்பட்டதோ, அந்த ஆலையில் இரும்பு உருக்குவது நின்றுவிட்டது. வேலை இழந்தவர்களின் கவலைகள் இப்போது பங்குத்தந்தையர்களுக்கு முன் உள்ளன. அவற்றுக்கு எதிராக நிற்க, பிடுங்கப்படும் சிலுவையோ மண்வெட்டியோ இல்லை. அக்காலத்துப் போராட்டத்தைவிட இது எளிது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை.

நாடக அரங்குக் குடியிருப்பில், 1960இல் பெண்கள் மண்ணை அள்ளிப் போட்ட இடத்தில், சிலுவை இன்றும் நிற்கின்றது. அதன் அருகே, முதலில் கேட்கப்பட்ட ஆலயமும் பிற்காலத்தில் எழுந்துவிட்டது. இயேசுவின் திரு இருதய ஆலயம் என்பது அதன் பெயர்.